குளத்தை வெட்டி ஆழப்படுத்துவதில் இழப்பது என்ன?

நெல்லைச் சீமையில் சித்திரை பிறந்து குளம் வற்றியதும் ஜேசிபி இறங்குவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. கரைக்கு மண் ஏறும். டிராக்டர் டிராக்டராகக் கரம்பை, அதாவது குளத்து வண்டல், வயலுக்குப் போகும். மேடு பள்ளமாகக் கிடந்த தரையைச் சீராக வெட்டி, சுற்றிலும் சரிவு பிடித்து, இத்தனை அடி ஆழப்படுத்தினோம் என்று போர்டும் வைத்துவிடுவார்கள். தண்ணீர் கூடுதலாக நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த தை மாதம் அதே குளத்தில் என்ன மேய்கிறது, என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. தண்ணீர் கூடிய குளத்தில் பறவை ஏன் குறைகிறது என்பதற்கு விடை குளத்தின் வடிவத்தில் இருக்கிறது.

நம் பக்கத்துக் குளம் முறம் மாதிரி. ஒரு பக்கம் உயர்ந்த கரை, அதன் அடியில் மடை. ஆழம் அங்கேதான், நிரம்பினால் இரண்டு, மூன்று மீட்டர் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் விளிம்பு என்று ஒன்றே கிடையாது. தரை மெல்ல மேடேறிப் புன்செய்க் காட்டோடு சேர்ந்துவிடும். வரத்துக்கால் வந்து இறங்கும் அந்தப் பக்கம்தான் உள்வாய். பரப்பில் குளத்தின் பெரும்பகுதி அதுதான் என்றாலும், கொள்ளளவில் அதன் பங்கு கொஞ்சம். அதனால் தண்ணீரை மட்டும் கணக்கிடுபவர் கண்ணுக்கு அது வீண் இடமாகத் தெரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்வாயின் சரிவு முந்நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாசி, பங்குனி வெயிலில் ஆவியாவது மட்டும் நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர். மடை வழியாகப் போவதும் தரைக்குள் இறங்குவதும் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் இந்தச் சரிவில் தண்ணீர் மூன்று மீட்டர் பின்வாங்கும். உள்வாய் விளிம்பு ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால், ஒவ்வொரு நாளும் 3,000 சதுர மீட்டர், அதாவது முக்கால் ஏக்கர் அளவுக்குப் புதுச் சேறு வெளியே வருகிறது. அதே குளத்தைச் சுற்றிலும் இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் வெட்டி நிமிர்த்திவிட்டால்? ஒரு சென்டிமீட்டர் இறங்கும்போது வெளியே வருவது இரண்டு சென்டிமீட்டர் அகலக் கோடு. ஒரு கிலோமீட்டருக்கு 20 சதுர மீட்டர். அரை சென்ட் கூட இல்லை.

அந்த முக்கால் ஏக்கர் சேற்றில்தான் விருந்து. கையளவு சேற்றை அள்ளி விரலால் பிரித்தால் நூல் போன்ற சிவப்புப் புழுக்கள் நெளியும். கொசு இனத்தோடு உறவுள்ள, ஆனால் கடிக்காத ஒரு சிறு பூச்சியின் புழு அது. கூடவே மண்புழு இனங்கள், பொடி நத்தை, தும்பியின் இளம்புழு எல்லாம் கிடக்கும். நேற்று வரை தண்ணீருக்கு அடியில் மறைந்திருந்தவை இன்று எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நாளை அந்தச் சேறு இறுகிப்போகும். உள்ளான் கூட்டம் தண்ணீர் விளிம்போடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

ஒவ்வொரு பறவைக்கும் அதன் காலும் கழுத்தும் ஓர் ஆழத்தை விதித்திருக்கின்றன. சின்ன உள்ளானுக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆகாது. நெடுங்கால் உள்ளான் பதினைந்து, இருபது வரை இறங்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வாலை மேலே தூக்கிக் கவிழ்ந்து அடித்தரையை மேய்பவை. கழுத்து எட்டும் ஆழம்தான் அவற்றுக்கு எல்லை. மஞ்சள்மூக்கு நாரை மேய்வது பார்க்க வேண்டிய காட்சி. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, அலகைச் சற்றே திறந்தபடி உள்ளே விட்டு, ஒரு காலால் சேற்றைக் கிளறும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. தப்பி ஓடும் மீன் அலகில் பட்ட நொடியில் அலகு மூடிக்கொள்ளும். இரண்டு மீட்டர் ஆழத்தில் இந்த வித்தை பலிக்காது. அங்கே முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா ஆகியவற்றுக்கு மட்டுமே இடம். ஒரே ஆழமாக வெட்டிய குளத்தில் பத்து வகை மேய்ச்சலில் இரண்டு, மூன்றுதான் மிஞ்சும்.

இனி தண்ணீர் வரும் வழி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் கை கொடுக்கிறது. தென்மேற்கு மழை மலையில், வடகிழக்கு மழை மலையிலும் சமவெளியிலும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்கள் வயலுக்கு நேரடியாகவும் குளங்கள் வழியாகவும் பாய்ந்து சுமார் 86 ஆயிரம் ஏக்கரை நனைக்கின்றன. இந்தக் கால்பாசனக் குளங்கள் கார் சாகுபடிக்கு ஜூன் வாக்கில் ஒரு முறையும், பிசான சாகுபடிக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறையும் நிரம்பும். நாங்குநேரி, ராதாபுரம், மானூர் பக்கத்து மானாவாரிக் குளங்களின் கதை வேறு. வடகிழக்கு மழை ஏமாற்றினால் அந்த ஆண்டு முழுக்க மண்தான். ஆற்றின் வெள்ளத் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்புவதற்காக 2009-இல் தொடங்கி 2025-இல் திறந்துவைக்கப்பட்ட தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய் இந்த வித்தியாசத்தை ஓரளவு குறைக்கலாம். அப்போதும் குளம் ஆண்டில் சில மாதம் காய்வதை ஒரு குறையாகப் பார்க்க வேண்டியதில்லை.

காய்வது குளத்தின் வேலைகளில் ஒன்று. தரை வெடித்து உள்ளே காற்று புகுந்ததும், தண்ணீருக்கு அடியில் மக்காமல் கிடந்த இலையும் தண்டும் வேகமாக மக்கும். கோடையில் குளத்துக்குள் போடும் ஆட்டுக்கிடையும் மேயும் மாடும் எருவைச் சேர்க்கும். வெடிப்புகளுக்குள் பூச்சி முட்டையும், தெள்ளு அளவு நீர்ப்பூச்சிகளின் உறங்குமுட்டையும், கோரைக் கிழங்கும், அல்லிக் கிழங்கும் காத்திருக்கும். முதல் தண்ணீர் வந்து சில நாளில் எல்லாம் ஒன்றாக விழிக்கும். உரம் கரைந்து பாசி பிடிக்க, பாசியைத் தின்னும் நுண்பூச்சி பெருக, வரத்துக்காலில் ஏறி வரும் கெண்டையும் கெளுத்தியும் அந்த இளம் புல்லுக்குள்தான் முட்டையிடும். முழங்கால் ஆழமே உள்ள உள்வாய் வெயிலில் சீக்கிரம் சூடேறும். பெரிய மீன் புல்லுக்குள் எளிதில் நுழைய முடியாது. குஞ்சுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? எப்போதும் தண்ணீர் நிற்கும் ஆழக் குளத்தில் இந்த விழிப்பு நடக்காது. நாளடைவில் சிலேபியும், வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அங்கே ஆட்சி செய்யும். 

இந்தச் சுழற்சியை நம்பித்தான் கூந்தன்குளம் நடக்கிறது. நாங்குநேரி வட்டத்தில் உள்ள இந்த ஊர்க்குளம் 1994-இல் சரணாலயமானது. 2022-இல், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வந்தது. மார்கழி, தை வாக்கில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டத் தொடங்கும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுக் கொல்லைப்புற மரங்களிலும் கட்டும். ஊர்க்காரர்கள் வெடி வெடிப்பதில்லை. எச்சத்தின் நெடியையும் கூடுகளின் இரைச்சலையும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். பதிலுக்கு எச்சம் கரைந்த தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன.

நாரை முட்டையிட்டு அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல். கூடு கட்டும் நாளையும் சேர்த்தால் நூறு நாளைக்கு மேல் மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். அது சீக்கிரம் வடிந்தால் நாயும் கீரியும் பூனையும் மரத்தை நெருங்கிவிடும். அதே சமயம் சுற்றுவட்டாரக் குளங்களில் தண்ணீர் குறைந்துகொண்டே வரவும் வேண்டும். குஞ்சுகளின் பசி உச்சத்தில் இருக்கும் பங்குனி, சித்திரையில், வற்றும் குளங்களில் மீன் ஒதுங்கி நெருக்கமாக நிற்பதால்தான் தாய்ப்பறவை ஒரு நடையில் வயிறு நிறைய அள்ளி வர முடிகிறது. இங்கே வேலி போட்டுக் காவல் வைத்துவிட்டு, பத்து இருபது கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள மற்ற குளங்களை நெட்டுக்குத்தாக வெட்டிவிட்டால், சரணாலயம் வெறும் படுக்கையறையாகிவிடும். சமையலறை வெளியே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் தாமிரபரணிக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு சரணாலயத்தோடு நிற்காமல், ஊருக்கு ஊர் பாசனக் குளங்களில் நடப்பதும் அதனால்தான். மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கு மீன் கூடத் தேவையில்லை. அது மேய்வது உள்வாய்ப் புல்லையும் அறுத்த வயலின் தாளையும். புல் முளைக்கும் இடத்தை ஆழமாக்கினால் அது இறங்க மாட்டாது.

ஆற்றங்கரையிலும் இதே கதைதான். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூரில், கோயிலை ஒட்டிய மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் அடையும் பறவைகளுக்காக 2005-இல் நாட்டிலேயே முதலாவதாக ஒரு பாதுகாப்புக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு மூன்று ஹெக்டேர் கூட இல்லை. தங்குவதற்கு அது போதும். இரை சுற்றியுள்ள வயலிலும் குளத்திலும்.

பறவைக்காகக் குளமா, பயிருக்காகவா என்ற கேள்வி எழும். இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் ஒரு கோடி லிட்டர். மடை திறந்து போவதுபோக, கரைக்குக் கீழே உள்ள பத்துகளின் (குளத்துப் பாசன வயல்களின்) கிணற்றில் ஊறுவதும் இதுதான். நத்தைக்குத்தி நாரை வயலில் நத்தையைப் பொறுக்குகிறது. தவளை பூச்சியைத் தின்கிறது. கோரை இல்லாவிட்டால் பத்தமடைப் பாய் இல்லை. கரம்பை, மணற்பாங்கான புன்செயில் ஹெக்டேருக்கு 25 டன் போட்டால் ஈரம் தாங்கும் நாள் கூடும். செயற்கை உரத்தால் தர முடியாதது அந்தக் களியின் பிடிப்பு. அரசு விதியும் நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்று இலவசமாக எடுக்க இடம் தருகிறது. ஆக, தூர் வாருவது தேவைதான். எங்கே வாருகிறோம் என்பதில்தான் வழக்கு.

வெள்ளத்தில் குளத்தின் பங்கைப் பற்றி மிகையாகப் பேசுகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. வரத்துக்கால் வழியாக ஒரு சொட்டு வராவிட்டாலும், குளத்தின் மேல் நேராக விழும் மழையே மட்டத்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்த்திவிடும். கரையின் தலைக்கும் முழு நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியே பல குளங்களில் அவ்வளவுதான். அப்படிப்பட்ட மழையை எந்தக் குளமும் தாங்காது. ஒன்று உடைந்தால் கீழே உள்ளது தாங்காமல் வரிசையாக உடையும். ஆனால் வழக்கமான கனமழைக்குக் குளம் நல்ல அணை. நூறு ஹெக்டேர் குளத்தில் அரை மீட்டர் இடம் காலியாக இருந்தால் ஐந்து லட்சம் கன மீட்டர் வெள்ளம் அங்கே தங்கும். அந்த இடமும் பரந்த உள்வாயில்தான் இருக்கிறது. மடையடிப் பள்ளத்தில் இல்லை. பாளையங்கோட்டையில் வேய்ந்தான்குளத்தை ஒட்டிப் புதிய பேருந்து நிலையம் வந்தது போல, நகரத்தில் முதலில் காணாமல் போவதும் உள்வாய்தான். வற்றிய மாதத்தில் பார்த்தால் அது வெறும் பொட்டல்.

கெடுவது பல வழியில். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகாலில் பலகையோ மணல் மூட்டையோ வைத்து மட்டத்தை உயர்த்துபவர்கள் ஒரு பக்கம். உள்வாயில் பயிர் வைத்துவிட்டு, அது மூழ்காமல் இருக்க மறுகாலை இடிப்பவர்கள் இன்னொரு பக்கம். முதல் வேலையில் கரை தாங்காது. இரண்டாவதில் குளம் நிரம்பவே நிரம்பாது. ஷட்டர் பழுதாகி வைக்கோல் பிரியைத் திணித்து அடைத்த மடைகள் தை மாதமே குளத்தை வெறுமையாக்கிவிடும். கூட்டில் குஞ்சு பொரிக்கும் நேரம் அது. மீன் பாசி, அதாவது குளத்து மீனைப் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவர் கடைசித் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்துப் பிடித்தால், அடுத்த ஆண்டுக்கு விதைமீன் இருக்காது. பிறகு குஞ்சு வாங்கிவிட வேண்டும். ஏல நிபந்தனையிலேயே மடையின் அடிமட்டத்துக்குக் கீழே இறைக்கக் கூடாது என்று எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

டவுன் நயினார்குளம் போன்ற நகரக் குளங்களின் நோய் சாக்கடை. கழிவில் வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசியைப் பெருக்கும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் குளம் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். இரண்டு நாள் மேகமூட்டம் சேர்ந்தால் செத்து மிதக்கும். அடுத்து ஆகாயத்தாமரை எனப்படும் அமலைச் செடி. தோதான தண்ணீரில் இரண்டே வாரத்தில் இரட்டிக்கும். மேல்பரப்பை மூடி வெளிச்சத்தை மறைக்கும். வெறும் தண்ணீர்ப்பரப்பைவிட அதிகமாக நீரை ஆவியாக்கும். பூத்த பிறகு வாரினால் விதை சேற்றில் விழுந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாரியதைக் கரையின் உள்சரிவிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்பக் குளத்துக்குள். பூப்பதற்கு முன் வாரி, கரைக்கு வெளியே கொண்டுபோய் மக்கவைக்க வேண்டும். சாக்கடை நிற்காத வரை இந்த வேலைக்கு முடிவில்லை என்பதும் உண்மை.

இனி, எப்படித் தூர் வாருவது? வண்டல் குளம் முழுக்க ஒரே மாதிரி படிவதில்லை. வரத்துக்கால் வேகமிழக்கும் இடத்தில் மணலும், தண்ணீர் அசையாமல் நிற்கும் மடைப்பக்கத்தில் மெல்லிய களியும் படியும். உரமுள்ள கரம்பை கரைப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான். வெட்டும் வேலையை அங்கே முடித்துக்கொள்ளலாம். கரையடியிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியே வெட்ட வேண்டும். ஒட்டி வெட்டினால் கரையின் கால் சரியும், நீர் கசிந்து ஓட்டை விழும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டுவது பாசனத்துக்கு உதவாது என்றாலும் ஒரு மூலையில் கசம் என்னும் ஆழப் பள்ளம் ஒன்று விட்டுவைத்தால் விதைமீனுக்கும் மாட்டுக்கும் கோடையைத் தாண்ட இடம் கிடைக்கும். சரள் தெரியும் வரை வெட்டக் கூடாது. அடியில் உள்ள களிப்படுகையே குளத்தின் அடைப்பு. அது போனால் மானாவாரிக் குளத்தில் தண்ணீர் மாசி வரை நிற்காது. வரத்துக்கால் வாயில் சேர்ந்த மணல்மேட்டை மட்டும் வழி அடைக்காதபடி ஒதுக்கலாம். மீதி உள்வாயில் இயந்திரம் இறங்க வேண்டிய வேலை இல்லை.

சீமைக்கருவேலத்தை எடுப்பது என்றால் தரைமட்டத்தில் அறுத்துவிட்டுப் போவதில் பயனில்லை. வேர்க்கழுத்தோடு, தரைக்கு ஓர் அடி ஆழத்திலிருந்து தோண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கிளை போய் நாலு கிளை வரும். கூடு உள்ள மரத்தைக் குஞ்சு பறக்கும் முன் தொடக் கூடாது. நாட்டுக் கருவேலம் நிற்கட்டும். கூடு மரம் வளர்க்கப் புதிதாக மண்திட்டு போடுவதானால் குளத்தின் நடுவில், நிரம்பும்போது சுற்றிலும் ஆள் மார்பளவு தண்ணீர் நிற்கும் இடத்தில், தலை முழு நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் மேலே இருக்கும்படி, ஐந்துக்கு ஒன்று அல்லது அதைவிடச் சாய்வான சரிவில் போட வேண்டும். செங்குத்தாகக் குவித்த திட்டு முதல் மழையிலேயே கரையும். மரம் கூடு தாங்கச் சில ஆண்டு பிடிக்கும் என்பதால், பழைய மரங்களை வெட்டிவிட்டுத் திட்டு போடுவதில் அர்த்தமில்லை.

நடைபாதை, கம்பி வேலி, படகு எல்லாம் நகரக் குளங்களுக்குத் திட்டமாக வருகின்றன. கரைப்பக்கத்தோடு நின்றால் பரவாயில்லை; குளத்தைச் சுற்றி வட்டமாகப் பாதை போட்டால் உள்வாய்க்கும் காட்டுக்கும் நடுவே இன்னொரு கரை எழுந்துவிடும். ஓடைத் தண்ணீர் உள்ளே வராது, மீனும் தவளையும் வெளியே போகாது. இதையெல்லாம் முடிவு செய்யும் முன், இயந்திரம் இறங்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டே ஒரு வேலை செய்யலாம். மடையடியில் அளவுகல் ஒன்றை நட்டு, குளம் நிரம்பியதிலிருந்து வாரம் ஒரு முறை மட்டத்தைக் குறித்து, அந்த நாளில் தண்ணீர் விளிம்பு உள்வாயில் எங்கே நிற்கிறது என்று குச்சி நட்டு வர வேண்டும். சித்திரையில் அந்தக் குச்சிகளைப் பார்த்தால் எந்த மாதம் எந்த இடம் சேறு, எது புல், எது கூடு மரத்தடி என்பது தெரிந்துவிடும். வெட்ட வேண்டிய இடத்தின் எல்லையை அதற்குப் பிறகு சுண்ணாம்பால் கோடு போட்டு, ஒப்பந்தத்தில் கொள்ளளவோடு அந்தக் கோட்டையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கலாம்.